சீனத் தலைமை எதை வைத்து முடிவெடுக்கிறது: மார்க்ஸா, கன்பூசியஸா, அபினிப் போரா?

கேள்வி சுருக்கமாக இது: சீனத் தலைமையின் முடிவுகளை, முக்கியமாக வெளியுறவு முடிவுகளை, எது வடிவமைக்கிறது? மார்க்சிய-லெனினிய சித்தாந்தமா, ஆயிரக்கணக்கான ஆண்டுப் பண்பாடா, இல்லை எல்லா நாடுகளையும் போல வெறும் நலக் கணக்கா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலக் கணக்கு எல்லாத் தலைநகரங்களிலும் உண்டு, பெய்ஜிங்கிலும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் எது வரவு, எது செலவு, யார் எதிரி, எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று தலைப்புப் போட்டுக் கொடுப்பது கட்சியின் சித்தாந்தம். பண்பாடு அதற்கு அடுத்த படியில் வருகிறது. கட்சி தேவைப்படும்போது திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடியும் பூட்டி வைக்கும் அலமாரி அது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் சீனாவின் ஒவ்வொரு அசைவும் புதிராகவோ சூழ்ச்சியாகவோ தெரியும்.

தலைகீழாக்குபவர்கள்தான் அதிகம். “சீனர்கள் நூறாண்டுக் கணக்கில் யோசிப்பவர்கள்” என்பார்கள். சாட்சிக்கு ஒரு கதையும் உண்டு: 1972-இல் பிரெஞ்சுப் புரட்சியின் விளைவைப் பற்றிக் கேட்டதற்குப் பிரதமர் சூ என்லாய், இப்போதே சொல்வது அவசரம் என்றாராம். அந்தப் பயணத்தில் அமெரிக்கத் தரப்பு மொழிபெயர்ப்பாளராக இருந்த சாஸ் ஃப்ரீமன் 2011-இல் விஷயத்தை உடைத்தார். பேச்சு 1789 பற்றியதே இல்லை. 1968-இல் பாரிஸில் வெடித்த கிளர்ச்சி பற்றியது. நான்கு வருடத்துக்கு முன் நடந்ததைப் பற்றி யாரும் சொல்லக்கூடிய பதில் அது. நூறாண்டு யோசிப்பவர்கள் என்ற பிம்பத்துக்கு நவீன சீனாவின் வரலாறும் ஒத்துழைப்பதில்லை. 1958-இன் பெரும் பாய்ச்சல் சில ஆண்டுகளில் பெரும் பஞ்சமானது. 1980 வாக்கில் தொடங்கிய ஒரு குழந்தைக் கொள்கையை 2015-இல் கைவிட்டபோது, நாடு முதுமையடையத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டு கட்டிக்காத்த கடும் கோவிட் கட்டுப்பாடுகளை 2022 டிசம்பரில் ஒரு சில நாட்களில் தூக்கிப் போட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறு ஒன்று உண்டு: “கம்யூனிசம் வெறும் பெயர்ப்பலகை, உள்ளே நடப்பது வியாபாரம்.” வியாபாரம் நடக்கிறது, உண்மைதான். ஆனால் சுமார் 10 கோடி உறுப்பினர்கள் கொண்ட ஒரு கட்சி, ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றுவதற்கு மாதக்கணக்கில் வரைவு எழுதி, சுற்றுக்கு விட்டு, திருத்தி, பிறகு மாகாணம் மாகாணமாகப் பாடம் நடத்துகிறது என்றால், அந்தச் சொல்லால் அங்கே ஏதோ ஒரு வேலை ஆகிறது.

அந்த வேலை என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கட்சி அங்கீகரித்த சொற்சேர்க்கையைச் சீன மொழியில் ‘தீஃபா’ என்பார்கள். ஒரு பிரச்சினையை இந்தச் சொற்களால்தான் சொல்ல வேண்டும் என்று மேலிடம் நிர்ணயித்துவிட்டால், அமைச்சகம், மாகாணம், ராணுவம், பத்திரிகை, பல்கலைக்கழகம் எல்லாம் அதே சொற்களில் பேசத் தொடங்கும். கீழே இருப்பவருக்கு அந்தச் சொற்றொடர் ஒரு உத்தரவு. எதற்கு நிதி கேட்டால் கிடைக்கும், எதைச் செய்தால் பதவி உயர்வு, எதைச் செய்தால் வம்பு என்பதெல்லாம் அதிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும்.

நல்ல உதாரணம் ‘முதன்மை முரண்பாடு’. தமிழ்நாட்டு இடதுசாரி வட்டங்களில் பழகிய சொல்தான். 1937-இல் மாவோ எழுதியதிலிருந்து வருவது. ஒரு காலகட்டத்தில் பல முரண்பாடுகள் இருக்கும், அவற்றில் ஒன்றுதான் முதன்மை, மற்றவை அதற்குக் கீழ்ப்பட்டவை என்பது வாதம். மாவோ காலத்தின் பிற்பகுதியில் வர்க்கப் போராட்டமே முதன்மை என்று இருந்தது. 1981-இல் கட்சி அதை மாற்றி, மக்களின் வளரும் பொருள், பண்பாட்டுத் தேவைகளுக்கும் பின்தங்கிய உற்பத்திக்கும் இடையிலான முரண்பாடு என்றது. அன்றிலிருந்து ஒரு மாவட்டச் செயலாளரின் மதிப்பெண் அட்டையில் வளர்ச்சி விகிதம் முதலிடத்துக்கு வந்தது. 2017-இல் ஷி ஜின்பிங் மறுபடி மாற்றினார்: நல்வாழ்வுக்கான தேவைக்கும், சமனற்ற, போதாத வளர்ச்சிக்கும் இடையிலான முரண்பாடு. இது வெறும் மேடைப்பேச்சு என்று நினைத்த முதலீட்டாளர்கள் பலர். 2020 நவம்பரில் அலிபாபாவின் துணையான நிதி நிறுவனம் ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிறுவனங்கள் லாபம் ஈட்டவே தடை வந்தது; அத்துறையின் பங்குகள் சரிந்தன. நான்கு வருடத்துக்கு முன்பே அந்த வாசகம் எழுதப்பட்டிருந்தது.

வெளியுறவிலும் இதே இயந்திரம்தான். உலகப் போரும் புரட்சியும் தவிர்க்க முடியாதவை என்ற மாவோ காலக் கணிப்பை 1980-களில் டெங் சியாவ்பிங் மாற்றி, ‘அமைதியும் வளர்ச்சியும்’ காலத்தின் மையப்பொருள் என்றார். பெரும்போர் உடனடியாக வராது என்ற அந்தக் கணிப்பின் பலத்தில்தான் 1985-இல் பத்து லட்சம் படையினரைக் குறைக்கும் முடிவு வந்தது. பணம் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் போனது. 2002-இல் அன்றைய தலைவர் ஜியாங் ஜெமின், வரும் இருபது ஆண்டுகள் ‘முக்கிய உத்திசார் வாய்ப்புக் காலம்’ என்றார். கணக்குப் போட்டால் 2022. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த கட்சியின் 20-ஆவது மாநாட்டு அறிக்கையில் பழைய சொற்றொடர் அப்படியே இல்லை. வாய்ப்புகளும் அபாயங்களும் சேர்ந்தே இருக்கும், எதிர்பாராதவை கூடும் காலம் என்று எழுதினார்கள். பலத்த காற்றுக்கும் கொந்தளிக்கும் அலைக்கும் பெரும் புயலுக்கும் தயாராக இருக்கச் சொன்னார்கள். அமைதியும் வளர்ச்சியும்தான் காலத்தின் மையப்பொருள் என்ற வழக்கமான வரியும் காணாமல் போனது. தானியக் கையிருப்பு, சிப் உற்பத்தி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் என்று சீனா செலவழிக்கும் இடங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு விடுபடல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படிக்கும் முறை கடினமானதல்ல, அலுப்பூட்டுவது. முந்தைய மாநாட்டு அறிக்கையையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அதே பகுதியை வரி வரியாக ஒப்பிட வேண்டும். புதிதாகச் சேர்ந்ததைவிட விடுபட்டதற்கு அதிக மதிப்பு. அடுத்து வரிசை: பட்டியலில் எது முதலில், எது கடைசியில். மூன்றாவது, யார் வாயால் வந்தது. கட்சி ஏடான மக்கள் நாளிதழின் தலையங்கத்துக்கு இருக்கும் எடை அதன் ‘விமர்சகர்’ கட்டுரைக்குக் கிடையாது; ‘ஜோங் ஷெங்’ என்ற புனைபெயரில் வரும் சர்வதேசக் கட்டுரை அதற்கும் கீழே. குளோபல் டைம்ஸ் ஏடு நெருப்பைக் கக்கியது என்று நம் தொலைக்காட்சிகள் ‘சீனா மிரட்டல்’ என்று பட்டை ஓட்டுவது, ஊர்வலத்தில் பட்டாசு வெடிப்பவரைத் தலைவர் என்று நினைப்பது போல. அதேபோல அரசாங்க அறிக்கை, வெளியுறவு அமைச்சக அறிக்கை, செய்தித் தொடர்பாளர் பதில் என்று மேலிருந்து கீழே படிக்கட்டு இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் ஒரு குழி உண்டு. வெளிநாட்டினருக்கான சொல்லை மட்டும் மாற்றி, சீனச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வது பெய்ஜிங்கின் வழக்கம். ஷியின் முத்திரை வாசகமான ‘மனிதகுலத்தின் பொது விதிச் சமூகம்’ ஆங்கிலத்தில் முதலில் ‘விதி’ என்றே வந்தது. அது மிரட்டலாக ஒலித்ததால் ‘பகிர்ந்த எதிர்காலம்’ ஆனது. சீன மூலத்தில் இன்றும் ‘மிங்யுன்’, அதாவது விதிதான். ஷிக்கு முந்தைய தலைவர் ஹூ ஜிந்தாவ் காலத்தில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. 2003-இல் வந்த ‘அமைதியான எழுச்சி’ என்ற வாசகத்தில் ‘எழுச்சி’ அண்டை நாடுகளை மிரளவைக்கும், ‘அமைதியான’ என்பது தைவான் விஷயத்தில் கையைக் கட்டிப்போடும் என்று இரு பக்கமிருந்தும் முணுமுணுப்பு வர, ஒரு வருடத்தில் ‘அமைதியான வளர்ச்சி’ ஆகிவிட்டது. இதன் உச்சம் 1979 அமெரிக்க-சீனக் கூட்டறிக்கை. தைவான் பற்றிய சீன நிலைப்பாட்டை ‘அறிந்து குறித்துக்கொள்கிறோம்’ என்ற அளவிலான சொல் ஆங்கிலத்தில். சீனப் பிரதியில் ‘செங்ரென்’, அதாவது ‘அங்கீகரிக்கிறோம்’. இரு தரப்பும் தத்தம் பிரதியைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை வாதாடுகின்றன.

இனி யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம். 20-ஆவது மாநாட்டில் 2,296 பிரதிநிதிகள். அவர்கள் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவில் 205 முழு உறுப்பினர்கள். அதிலிருந்து 24 பேர் கொண்ட அரசியல் தலைமைக் குழு. அதன் நிலைக்குழுவில் 7 பேர். (அந்த 24 பேரில் ஒரு பெண்கூட இல்லை, கால் நூற்றாண்டில் இதுவே முதல்முறை.) தேர்தல் கீழிருந்து மேலே என்று காகிதத்தில் இருந்தாலும், பட்டியல் மேலிருந்து கீழேதான் வருகிறது. வெளியுறவுக்கு என்று கட்சியின் மத்திய வெளியுறவு ஆணையம் உண்டு, தலைவர் ஷி. 2018 வரை அது ‘சிறு வழிகாட்டுக் குழு’வாக இருந்தது. வெளியுறவு அமைச்சகம் இதன் முடிவுகளைச் செயல்படுத்தும் இடம். 2023 ஜூலையில், பதவியேற்று ஏழு மாதத்தில், சின் காங் அமைச்சர் பதவியிலிருந்து காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டார்; ஆணைய அலுவலகத்தின் தலைவராக இருந்த வாங் யி அந்த நாற்காலியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். கொள்கையில் நூலளவு மாற்றம் தெரியவில்லை.

இந்த அமைப்புதான் ‘ஓநாய் வீரர்’ ராஜதந்திரத்தையும் பெற்றது. ஒரு போர்ப் படத்தின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. தூதர்களின் முரட்டுப் பேச்சைச் சீனர்களின் குணம் என்று எடுத்துக்கொள்வது வீண். பதவி உயர்வு பெய்ஜிங்கில் தீர்மானமாகிறது, அங்கே அளவுகோல் ‘போராடும் உணர்வு’ என்றாகிவிட்டது. எனவே தூதர் பேசுவது எதிரில் இருப்பவருக்காக அல்ல. 2021 மார்ச்சில் அலாஸ்காவின் ஆங்கரேஜில், ஓரிரு நிமிடம் என்று பேசிவைத்த தொடக்க உரையைச் சீனாவின் அன்றைய மூத்த ராஜதந்திரி யாங் ஜியேச்சி கால்மணி நேரத்துக்கும் மேல் நீட்டினார். வலிமையின் மேடையிலிருந்து சீனாவிடம் பேச அமெரிக்காவுக்குத் தகுதியில்லை என்ற அவர் வரி, உள்நாட்டில் சட்டைகளிலும் கைப்பைகளிலும் அச்சாகி விற்றது. வெளியில் விலை வேறு. 2020 ஏப்ரலில் கோவிட் தோற்றம் பற்றி விசாரணை கேட்ட ஆஸ்திரேலியாவின் பார்லிக்கு 80.5 சதவீத வரி, பிறகு ஒயினுக்கு இருநூறு சதவீதத்துக்கும் மேல், அந்த நவம்பரில் 14 குறைகள் கொண்ட பட்டியல். கான்பெரா பணியவில்லை, அமெரிக்க, பிரிட்டன் அணுசக்தி நீர்மூழ்கி ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தது. 2023, 2024-இல் வரிகள் ஒவ்வொன்றாக விலகின.

சரி, இந்தத் தலைமை எதைக் கண்டு அஞ்சுகிறது? 1991. சோவியத் கட்சியின் வீழ்ச்சியைச் சீனக் கட்சி ஆராய்ந்த அளவுக்கு வேறு யாரும் ஆராய்ந்திருக்க முடியாது. 2013 ஜனவரி 5 அன்று புதிய மத்தியக் குழுவினரிடம் பேசிய ஷி, சோவியத் கட்சி விழுந்ததற்குக் கருத்தியல் களத்தில் தோற்றதை முக்கியக் காரணமாக வைத்தார்: லெனினை மறுத்தார்கள், ஸ்டாலினை மறுத்தார்கள், கட்சி வரலாற்றையே மறுத்தார்கள், படையும் கட்சியின் கையை விட்டுப் போனது. சில மாதங்களில் ‘ஒன்பதாம் ஆவணம்’ என்று அறியப்படும் உள்சுற்றறிக்கை வந்தது. மேற்கத்திய அரசியல் சட்ட ஜனநாயகம், சிவில் சமூகம், கட்டற்ற பத்திரிகைச் சுதந்திரம் போன்றவை அதில் அபாயங்களாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. இதே அச்சம் வெளியுறவுக் கொள்கையில் எங்கே தெரிகிறது என்றால், ‘மைய நலன்கள்’ என்ற சொல்லில். 2009 ஜூலையில் வாஷிங்டனில் அன்றைய மூத்த ராஜதந்திரி தாய் பிங்குவோ அவற்றை வரிசைப்படுத்தினார்: முதலில் அடிப்படை அமைப்பும் அரசின் பாதுகாப்பும், அடுத்தது இறையாண்மையும் நிலப்பரப்பும், மூன்றாவது பொருளாதார வளர்ச்சி. கட்சி ஆட்சி முதலில், நிலம் பிறகு. ஒரு அமெரிக்க அதிபர் ‘உங்கள் ஆட்சி முறையை மாற்றும் நோக்கம் எங்களுக்கு இல்லை’ என்று சொல்லவேண்டும் எனப் பெய்ஜிங் ஏன் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தால் விளங்கும்.

உக்ரைன் விவகாரத்தை இதில் போட்டுப் பாருங்கள். 1954-இல் இந்தியாவுடன் கையெழுத்திட்ட பஞ்சசீலத்தின் முதல் கொள்கையே பரஸ்பரம் நிலப்பரப்பையும் இறையாண்மையையும் மதிப்பது. தைவான் காரணமாக அதைச் சீனா விட முடியாது. அதனால் கிரைமியா ரஷ்யாவுடன் சேர்ந்ததை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. 2023 பிப்ரவரியில் வெளியிட்ட 12 அம்ச ஆவணத்தின் முதல் அம்சமும் இறையாண்மைதான். ஆனால் மாஸ்கோவில் மேற்குக்கு இணக்கமான ஆட்சி வருவது அதைவிடப் பெரிய கெட்ட கனவு. ஆக, படையெடுப்பு என்று பெயர்சொல்லிக் கண்டிக்காமல், வாங்கியும் விற்றும் ரஷ்யாவைத் தாங்குகிறது. ‘எல்லையற்ற நட்பு’ என்று 2022 பிப்ரவரி 4-இல் அறிவித்தும் ராணுவக் கூட்டணி போடவில்லை, ஏனென்றால் 1982-இலிருந்து கூட்டணி சேராமை கட்சியின் நிலைப்பாடு. 1961-இன் வடகொரிய ஒப்பந்தம் மட்டுமே விதிவிலக்கு. மூன்று வாய்ப்பாடுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்போது நடுவில் நிற்பதுபோல் தோன்றும் கொள்கை பிறக்கிறது. அதைக் கிழக்கத்திய நிதானம் என்று அழகுபடுத்த வேண்டியதில்லை.

இனி பண்பாடு என்ற அந்த அலமாரிக்கு வருவோம். 1966 நவம்பரில், கலாச்சாரப் புரட்சியின்போது, மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கன்பூசியஸின் சொந்த ஊரான சூஃபூவில் அவர் கோயிலையும் கல்லறையையும் சூறையாடினார்கள். 1973-74-இல் மறைந்த தளபதி லின் பியாவோவையும் கன்பூசியஸையும் சேர்த்து விமர்சிக்கும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. 2004-இல் அதே ஆசானின் பெயரில் வெளிநாட்டு மொழிப் பயிலகங்கள். 2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்தின் முன் பீடத்தோடு 9.5 மீட்டர் உயரத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். நான்கு மாதம்கூட நிற்கவில்லை, ஏப்ரலில் ஓர் இரவில் உள்முற்றத்துக்குப் போய்விட்டது. மாவோ படத்துக்கு எதிரே கன்பூசியஸா என்று கட்சிக்குள் எழுந்த எரிச்சல் தீரவில்லை. 2013 நவம்பரில் ஷி சூஃபூவுக்கே போனார். 2021 ஜூலை 1 அன்று வந்தது புதிய வாய்ப்பாடு, ‘இரு இணைப்புகள்’: மார்க்சியத்தைச் சீன யதார்த்தத்தோடும், சீனாவின் சிறந்த மரபுப் பண்பாட்டோடும் இணைப்பது. ‘சிறந்த’ என்ற அடைமொழியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எது சிறந்தது என்று தேர்ந்தெடுப்பது கட்சி. மரபிலிருந்து ஒழுங்கு, படிநிலை, ஒற்றுமை எல்லாம் உள்ளே வந்தன. தவறு செய்யும் அரசனைக் கண்டிக்கும் அமைச்சன், மக்களை வதைப்பவன் அரசனே அல்ல என்ற பழைய கன்பூசிய அறிஞர் மென்சியஸின் வாதம் இரண்டும் வெளியே நிற்கின்றன. கடும் சட்டத்தால் ஆள வேண்டும் என்ற பண்டைய ‘சட்டவாத’ சிந்தனையாளர் ஹான் ஃபெய்க்கும் ஷியின் உரைகளில் இடம் உண்டு, கடும் சட்டமும் வலிமையான அரசும் பேசும்போது.

பண்பாடு பொம்மை மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. மொழியில் அது ஊறிக் கிடக்கிறது; நாத்திக மாவோவின் பத்திரிகைகூட அதிலிருந்து தப்பவில்லை. 1962 செப்டம்பர் 22 அன்று மக்கள் நாளிதழ் இந்தியாவைப் பற்றி எழுதிய தலையங்கத்தின் தலைப்பு, கன்பூசியஸ் உரையாடல்களின் மூன்றாம் பகுதியில் வரும் ஒரு வரி: இதைப் பொறுக்க முடியுமென்றால் எதைத்தான் பொறுக்க முடியாது? மன்னனுக்கு மட்டுமே உரிய எட்டு வரிசை நடனத்தை ஒரு பிரபு தன் முற்றத்தில் ஆடவைத்ததற்காகக் கன்பூசியஸ் சீறியது அது. வரம்பு மீறியவனைக் கண்டிக்கும் குரல். நான்கு வாரத்தில், அக்டோபர் 20 அன்று, போர் தொடங்கியது. டெல்லியில் அந்தத் தலைப்பை வழக்கமான வசவாக எடுத்துக்கொண்டார்கள். 1978 டிசம்பர் 25-இல் வியட்நாமுக்கு எதிராக ‘எங்கள் பொறுமைக்கு எல்லை உண்டு, முன்பே சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்’ என்றது அதே ஏடு. 1979 பிப்ரவரி 17-இல் படை எல்லை தாண்டியது. இதிலிருந்து ஒரு சூத்திரம் செய்துகொள்ளவும் கூடாது. அதே ‘முன்பே சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்’ 2019 மே மாதம் அருமண் தாதுக்களைப் பற்றி அமெரிக்காவுக்குச் சொல்லப்பட்டது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. அருமண் மீதான கடும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது 2025 ஏப்ரலில்தான். சொல் ஒன்றுதான், அதைச் சொன்ன கட்டுரையின் தகுதி வேறு.

பண்பாட்டு வாதத்தில் பெய்ஜிங்கே விரும்பிச் சொல்வது, ‘சீன நாகரிகம் இயல்பிலேயே அமைதியானது’. 2017 மே மாதம் பட்டை-பாதை மாநாட்டில் ஷி, மிங் வம்சக் கடற்தளபதி ஜெங் ஹேயைப் போர்க்கப்பலோடு வந்த வெற்றியாளராக அல்ல, நட்புத் தூதராக நினைவுகூர்ந்தார். இதைச் சோதிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கல்லே இருக்கிறது. காலியில் கிடைத்து இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு, 1409 தேதியிட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கைகளைச் சமர்ப்பிக்கிறது. அவரவர் மொழியில் அவரவர் தெய்வத்துக்கு மரியாதை: எவ்வளவு நாசூக்கான ராஜதந்திரம்! ஆனால் 1411 வாக்கில் அதே ஜெங் ஹேயின் படை இலங்கையில் போரிட்டு, உள்ளூர் ஆட்சியாளரைப் பிடித்துச் சீனப் பேரரசரின் முன் நிறுத்தியது. காணிக்கை, மரியாதை, பிறகு பணியாதவனுக்குப் பாடம் என்பது ஒரே பொட்டலம். ‘வானத்தின் கீழுள்ள அனைத்தும்’ என்ற பழைய உலகப் பார்வையில் இரண்டும் முரண்படவில்லை. சிங் வம்சம் 1750-களில் ஜுங்கார் என்ற மங்கோலிய மக்களை அழித்துப் பிடித்த நிலத்துக்கு வைத்த பெயர் ‘புதிய எல்லைப்புறம்’, சின்ஜியாங். கன்பூசியத்தைப் போற்றிய அரசவைதான் அதையும் செய்தது. மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் பல்லவர்-சீனர் தொடர்பைப் பேசி எட்டு மாதத்தில் கல்வான் நடந்தது, 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கன்பூசியஸைவிட ஆழமாக வேலை செய்வது ‘அவமான நூற்றாண்டு’. 1839-இல் தொடங்கிய அபினிப் பிரச்சினை, 1842 நான்ஜிங் ஒப்பந்தம், 1860-இல் எரிந்த கோடைமாளிகை, 1895-இல் ஜப்பானுக்குப் போன தைவான், 1901-இல் 45 கோடி டேல் (பழைய சீன எடையளவு) வெள்ளி அபராதம். இது நிஜ வரலாறு. ஆனால் அதை எவ்வளவு, எந்தக் கோணத்தில் கற்பிப்பது என்பது கொள்கை. மாவோ காலத்தில் வெற்றிக் கதையும் வர்க்கக் கதையும்தான் முன்னே நின்றன. 1989-க்குப் பிறகு இளைஞர்களைக் கட்டிவைக்க வேறு கயிறு தேவைப்பட்டது. 1994-இல் தேசபக்திக் கல்வித் திட்டம் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

இதன் விளைவை 2001 ஏப்ரலில் பார்க்கலாம். அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் ஹைனான் அருகே மோதின, சீன விமானி இறந்தார், அமெரிக்க விமானம் ஹைனானில் இறங்கியது. 24 பேரை 11 நாள் வைத்திருந்து பேசியது எதைப் பற்றி? பெரும்பகுதி ஒரு சொல்லைப் பற்றி. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ‘தாவ்ச்சியென்’ வேண்டும் என்றது பெய்ஜிங். ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்தது வாஷிங்டன். அதைச் சீனத் தரப்பு மன்னிப்புக்கு நெருக்கமான சொல்லாகப் பெயர்த்து உள்நாட்டில் சொன்னது; காரியம் முடிந்தது. தப்பு யார் மேல் என்று பதிவாவது, இழப்பீட்டுத் தொகையைவிட முக்கியம். வாசல்வழி வெளியேற விடாமல் சீனத் தலைமையைச் சுவரோடு நெருக்கினால், சிறு பிரச்சினையும் பெரிதாகும்.

இந்த உணர்ச்சி அரசின் கையில் இருக்கும் குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1999 மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகம் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு ஆளானபோது, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பியதும் அரசுதான். இரண்டே நாளில் துணை அதிபர் ஹூ ஜிந்தாவைத் தொலைக்காட்சியில் பேசவைத்து, சட்டத்துக்கு உட்பட்டு நடக்கச் சொன்னதும் அரசுதான். திறந்து வைத்தால் வெள்ளம் தன் பக்கமே திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். 1919-இல் தேசியக் கோபத்தோடு வீதிக்கு வந்த மாணவர்களிடமிருந்தே இந்தக் கட்சியும் முளைத்தது. அவமான நினைவுக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு: தனக்கு நடந்தது தெரியும், தன்னால் பிறருக்கு நடப்பது தெரியாது. 1898-இல் பிரிட்டன் ஹாங்காங்கின் புதிய பகுதிகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது சீனப் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கிறது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகக் குத்தகைக்கும் அதே 99. அந்த எண் கொழும்பிலும் டெல்லியிலும் எப்படி ஒலிக்கும் என்று ஒப்பந்தம் எழுதிய யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

கடைசியாகத் தனிமனிதர். டெங் வடிவமைத்த முறையில் கூட்டுத் தலைமையும் ஓய்வு வயதும் தனி விருப்பத்துக்குத் தடையாக இருந்தன. 2018 மார்ச்சில் அதிபர் பதவிக்கான இரு தவணை வரம்பு 2,958-க்கு 2 என்ற வாக்கில் போனது. ஷியை வடிவமைத்தவை என்று மூன்றைச் சொல்லலாம். 1962-இல் தந்தை ஷி ஜோங்ஷுன் பதவி பறிக்கப்பட்டது; 15 வயதில் ஷான்ஷி மாகாணத்து லியாங்ஜியாஹே கிராமத்துக்குப் போய் ஏழு ஆண்டு இருந்தது; ஹெபெய், ஃபூஜியன், ஜெஜியாங், ஷாங்காய் என்று படிப்படியாக ஏறியது. கட்சியால் அடிபட்ட குடும்பத்தின் பிள்ளை கட்சியை வெறுக்காமல், கட்டுப்பாடற்ற கட்சியை வெறுக்கக் கற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு. ஜியாங், ஹூ, ஷி மூவருக்கும் கோட்பாடு எழுதிய வாங் ஹூனிங் இன்றும் நிலைக்குழுவில் இருப்பதால், தொடர்ச்சியும் அறுபடவில்லை.

தவறு நிகழும் இடமும் இதுதான். வாய்ப்பாடு ஒருவரின் பெயரைத் தாங்கும்போது, அது பொய்த்துப் போகிறது என்று கீழிருந்து அறிக்கை அனுப்புவது ஒருவகைத் துரோகமாகிறது. ‘கிழக்கு எழுகிறது, மேற்கு சரிகிறது’ என்று மேலிடம் சொன்னபின், அதற்கு மாறான புள்ளிவிவரம் தரும் ஆய்வாளர் யார்? அதனால் தகவல் மெதுவாகச் சேர்கிறது, திருத்தம் வரும்போது கோவிட் கதைபோல ஒரே குதியாக வருகிறது. வெளியுறவிலும் பல ஆண்டு இறுக்கம், பிறகு விளக்கமின்றி ஒரு தளர்வு என்ற அதே தாளம்.

அடுத்த மாநாடு 2027-இல். அதில் கட்சி அமைப்புச் சட்டத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். மாவோவுக்கு அங்கே பெயரோடு ‘சிந்தனை’, டெங்குக்குப் பெயரோடு ‘கோட்பாடு’, ஜியாங்குக்கும் ஹூவுக்கும் பெயரே இல்லாமல் வாசகம் மட்டும். ஷிக்கு இப்போது இருப்பது ‘புதிய யுகத்துக்கான சீனப் பண்பு கொண்ட சோஷலிசம் பற்றிய ஷி ஜின்பிங் சிந்தனை’, சீனத்தில் 16 எழுத்து. அது ‘ஷி ஜின்பிங் சிந்தனை’ என்று 5 எழுத்தாகச் சுருங்கினால் மாவோவுக்குச் சமமான வரிசை. சுருங்காமல் இருந்தால் அதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.